காலண்டரைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்: வீட்டிலிருந்து வேலை வாங்கும் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊழியர்களை வீட்டில் இருக்கவைத்து வேலை வாங்கும் நிறுவன நிர்வாகிகளுக்கும், அவர்களுடைய மனிதவளத் துறையினருக்கும், குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

முதலில் நன்றி. ஒப்புக்குச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று நீங்கள் விட்டதால் போக வர வீணான நேரம் எங்கள் கைக்கு வந்தது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் பலர் வேலையை விடாமல் இருக்க முடிந்ததே இதனால்தான். அடுத்து நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, “அவ்வளவு கஷ்டமென்றால் எல்லாரும் ஆபீசுக்கே வந்துவிடுங்கள்” என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் நன்றியை முன்னாலேயே போட்டுவைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடமிருந்து அவ்வப்போது ஒரு மின்னஞ்சல் வரும். தலைப்பில் ‘ஆரோக்கியம்’ என்ற சொல் கண்டிப்பாக இருக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், வேலை நேரம் முடிந்ததும் கணினியை மூடிவிடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கூடவே மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிய ஒரு வெபினாருக்கு அழைப்பும் இருக்கும். அந்த வெபினார் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கும், ஏனென்றால் எல்லாருடைய காலண்டரிலும் காலியாக இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

மின்னஞ்சலில் உள்ள அறிவுரை எதுவும் தப்பில்லை. ஆனால் அதில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, இதைச் செய்ய விடாமல் எங்களைத் தடுப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கொரு முறை எழுந்து நடக்க முடியாததற்குக் காரணம் எங்கள் சோம்பேறித்தனமா, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து விழும் மீட்டிங்குகளா? கணினியை மூட முடியாததற்குக் காரணம் எங்களுக்கு ஒழுங்கு இல்லாததா, ராத்திரி ஒன்பதரைக்கு வரும் “சின்ன விஷயம்தான்” என்ற செய்தியா? எழுந்து நடக்கக் கால் எங்களிடம் இருக்கிறது. நேரம் உங்களிடம் இருக்கிறது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

ஆரோக்கியத் திட்டங்களுக்கு நீங்கள் பணம் செலவழிப்பதை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் அவற்றின் பலனைச் சிலர் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சுமார் 33,000 ஊழியர்கள் உள்ள ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தில், சில கிளைகளில் மட்டும் ஆரோக்கியத் திட்டத்தை நடத்தி, மற்றக் கிளைகளோடு ஒப்பிட்டார்கள். 2019-ல் முடிவு வந்தது. திட்டத்தில் இருந்தவர்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்தும் ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு, வேலைத்திறன் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்து 2024-ல் வெளியான இன்னொரு ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. செயலி, தியானப் பயிற்சி, மன உறுதி வகுப்பு என்று தனிமனிதரைத் திருத்தும் ஏற்பாடுகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலை நடக்கும் விதத்தைத் தொடாமல் ஆளை மட்டும் சரிசெய்யப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தி கூடுகிறது என்று உங்கள் கூட்டங்களில் அடிக்கடி காட்டப்படும் ஒரு ஆய்வு உண்டு. சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் நடந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. இந்த எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்த வரியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. அந்த 13-ல் 9 சதவீதம், ஒரு ஷிஃப்டில் கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது, அதாவது இடைவேளையும் உடம்பு சரியில்லாமல் எடுக்கும் விடுப்பும் குறைந்ததால். மிச்ச 4 தான் அமைதியான சூழலில் வேகமாக வேலை பார்த்ததால் வந்தது. இன்னொன்றும் அதில் இருக்கிறது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது, தாங்களாகவே முன்வந்து கலந்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மனம் மாறிவிட்டார்கள். முக்கியமான காரணம் தனிமை.

நீங்கள் கொண்டாடும் அந்த லாபத்தில் பெரும்பங்கு எங்கள் இடைவேளைதான். இடைவேளையை எடுத்துக்கொண்டு, “இடைவேளை எடுங்கள்” என்று மின்னஞ்சல் அனுப்பினால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

2020-ல் முதல் ஊரடங்கின்போது முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் மின்னஞ்சல், மீட்டிங் பதிவுகளைப் பெயர் நீக்கி அலசினார்கள். வேலைநாளின் நீளம் சராசரியாக 48.5 நிமிடம் கூடியிருந்தது. ஊரடங்கு போய்விட்டது, அந்த நிமிடங்கள் திரும்பி வந்ததாக எங்களில் பலருக்குத் தோன்றவில்லை. போக வர மிச்சமான நேரம் எங்கள் கைக்கு வந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா, வந்த கையோடு அதில் ஒரு பங்கு உங்கள் கணக்கில் ஏறிவிட்டது.

இனி உடம்பு.

அலுவலகம் போன காலத்தில் யாரும் உடற்பயிற்சி என்று நினைக்காமலே செய்த அசைவுகள் நிறைய. வண்டியை நிறுத்திவிட்டு நடப்பது, மாடி ஏறுவது, மீட்டிங் அறையைத் தேடிப் போவது, பக்கத்துப் பிரிவில் இருப்பவரிடம் ஒரு கையெழுத்துக்காகப் போய் நிற்பது. வீட்டில் இவை அத்தனையும் ஒரு கிளிக் ஆகிவிட்டன. இந்தச் சின்ன அசைவுகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே ஷிஃப்ட். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார், நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்கினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. நடந்தே தபால் கொடுத்தவர்களையும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அதே போக்குதான். மோரிஸ் ரொம்ப நேர்மையான மனிதர். ஒருவேளை வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் பருமனாக இருந்தார்களோ என்று சந்தேகப்பட்டு, பிறகு அவர்களுடைய சீருடையின் இடுப்பளவுப் பதிவுகளையே வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது, அதையும் வெளியிட்டார். ஆனால் உட்கார்ந்தே இருப்பதால் இதயத்துக்குக் கேடு என்ற அடிப்படைச் செய்தி அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும் நிலைத்து நின்றது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எங்கள் எல்லாரையும் நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இதற்கு ஜிம் உறுப்பினர் அட்டை வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொன்னதோடு, பழைய நிபந்தனை ஒன்றையும் எடுத்துவிட்டது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்தது. இப்போது அப்படி இல்லை. மூன்று நிமிடம் வேகமாக நடந்தாலும் கணக்குதான், இரண்டு மாடி ஏறினாலும் கணக்குதான். எங்களுக்கு வேண்டியது அந்த மூன்று நிமிடம். அது கிடைக்காத இடம்தான் காலண்டர்.

ஒரு சாதாரண காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு ஒரு மீட்டிங், பத்தரைக்கு இன்னொன்று, பதினொன்றுக்கு வேறொன்று, பதினொன்றரைக்குப் பன்னிரண்டு பேர் இருக்கும் நான்காவது. முதலாவது பத்தரைக்கு முடிய வேண்டும். பத்து இருபத்தெட்டுக்கு யாராவது “போகிறதுக்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்” என்பார். பத்து முப்பத்திரண்டுக்கு அதிலிருந்து வெளியேறும்போது, இரண்டாவது மீட்டிங் ஏற்கெனவே ஆரம்பித்து, உங்களைத் தேடும் சின்ன அறிவிப்பு திரையின் மூலையில் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் இப்படிப் போனால் நாற்காலியை விட்டு எழும் ஒரே வழி, கேமராவை அணைத்துவிட்டு ஹெட்செட்டோடு ஓடுவதுதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்கிறீர்களே, குடித்தால் எப்போது போவது? எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்களில் பலர் காலையில் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படித் தண்ணீரைக் குறைத்து, அடக்கியும் வைப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வர வாய்ப்பு அதிகம். பெண்களுக்குத் தொற்று இன்னும் சுலபமாக வரும்.

இதைச் சரிசெய்ய பட்ஜெட் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும், புதிதாக வைக்கும் மீட்டிங்குகள் தானாகவே ஐந்து அல்லது பத்து நிமிடம் குறைவாக முடியும்படி செய்யும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அரை மணி என்றால் 25 நிமிடம், ஒரு மணி என்றால் 50 நிமிடம். ஊழியர் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் பயன் இல்லை, எங்களை அழைப்பவர்கள் நீங்கள்தானே. அவுட்லுக்கில் நிறுவனம் முழுவதற்கும் ஒரே நாளில் போட்டுவிட ஐ.டி. பிரிவால் முடியும். மைக்ரோசாஃப்ட் 2021-ல் மூளையின் மின் அலைகளை அளக்கும் கருவியைத் தலையில் மாட்டி ஒரு சோதனை செய்தது. 14 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். இடைவெளியில்லாமல் நான்கு அரைமணி மீட்டிங்குகளில் உட்கார்ந்தவர்களுக்கு மூளையில் அழுத்தத்தின் அறிகுறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. நடுவில் பத்து நிமிடம் விட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இறங்கின. மாறும் நேரம்தான் மிகவும் வாட்டுகிறது என்பதும் அதில் தெரிந்தது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டாம், இருந்தாலும் உங்கள் பவர்பாயிண்டில் போட்டுக்கொள்ள உதவும்.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், கேமரா போட்ட நாட்களில் களைப்பு கூடியது, களைத்தவர்கள் மீட்டிங்கில் பேசுவதும் குறைந்தது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பாதிப்பு இன்னும் அதிகம். முகம் தெரிந்தால்தான் ஈடுபாடு என்று நினைத்துக் கேமராவைக் கட்டாயமாக்குகிறீர்கள், நடப்பது நேர்மாறாக இருக்கிறது. கேமரா வேண்டாம் என்று ஆகிவிட்டால் இன்னொரு லாபம்: பாதி மீட்டிங்குகளில் நாங்கள் காதில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே பேசிவிடலாம்.

அடுத்தது லேப்டாப். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிமிர்ந்து உட்காருங்கள் என்ற உங்கள் அறிவுரை உடைந்துபோவது இங்கேதான்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. மேசையில் வைத்தால் கைக்குச் சரியாக இருக்கும், திரை தாழ்ந்துவிடும், கழுத்து முன்னால் குனியும். கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்தால் கழுத்து நிமிரும், கை தோள் உயரத்துக்கு ஏறிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த நாற்காலி வாங்கினாலும் இதற்குத் தீர்வு இல்லை, அந்தக் கருவியின் வடிவமே அப்படி. வழியில் ஒரு மணி நேரம் மடியில் வைத்து வேலை பார்க்கச் செய்யப்பட்டதை, வருடக்கணக்கில் நாளுக்கு எட்டு மணி நேரம் நாங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். படித்துக்கொண்டிருக்கும் நீங்களே வலது கையைப் பின்கழுத்தில் வைத்து, தலை கழுத்தோடு சேரும் இடத்துக்குக் கீழே ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது அந்தத் தசை மெத்தென்று இருக்கும். அப்படியே மெதுவாகக் குனிந்து மடியைப் பாருங்கள். தசை கயிறு மாதிரி இறுகுவது விரலுக்குத் தெரியும். பெரியவர் ஒருவரின் தலை சுமார் ஐந்து கிலோ. குனியக் குனிய கழுத்தின் மேல் விழும் சுமை எப்படிக் கூடுகிறது என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014-ல் கணினி மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார். 60 பாகை குனிந்தால் சுமை சுமார் 27 கிலோ என்று வந்தது. மாதிரிக் கணக்குதான், ஒவ்வொரு கழுத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அந்தத் தசை எட்டு மணி நேரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு ஓர் அளவு கிடைக்கிறது.

தீர்வு ரொம்ப எளிது. தனி கீபோர்டு, தனி மவுஸ், லேப்டாப்புக்கு அடியில் நாலைந்து கெட்டிப் புத்தகங்கள். திரையின் மேல் விளிம்பு கண் உயரத்துக்கோ சற்றுக் கீழோ வந்தால் போதும், முழங்கை உடம்பை ஒட்டி மடங்க வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், எட்டாவிட்டால் காலுக்கு அடியில் ஏதாவது வைக்க வேண்டும். புத்தகங்கள் எங்களிடம் இருக்கின்றன. கீபோர்டும் மவுஸும் வேலைக்கான கருவிகள், அவற்றை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இது சலுகை கேட்பது அல்ல. திரைக்கு முன்னால் வேலை பார்ப்பவர்களின் இருக்கை, திரை, கண் பரிசோதனை ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு என்று ஐரோப்பாவில் 1990-லேயே வழிகாட்டு ஆணை வந்துவிட்டது. அதையொட்டி 1992-ல் வந்த பிரிட்டிஷ் விதிகள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். எந்த நாட்டில் இருந்தாலும் நியாயம் ஒன்றுதான்: ஆபீசில் உடைந்த நாற்காலியை நீங்கள் மாற்றுவீர்கள் என்றால், வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் கட்டில் விளிம்பிலும் உட்கார்ந்து உங்கள் வேலையை முடிப்பவருக்கும் ஏதோ ஒன்று செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, “நீங்கள் வேலை பார்க்கும் இடத்தைப் பக்கவாட்டில் இருந்து ஒரு படம் எடுத்து அனுப்ப விருப்பமா, பார்த்து யோசனை சொல்ல ஆள் இருக்கிறார்” என்று கேட்டால்கூடப் போதும். விருப்பமா என்பதை அழுத்திச் சொல்கிறேன், எங்கள் வீடு உங்கள் கிளை அலுவலகம் இல்லை.

நீங்கள் பரிசாக அனுப்பும், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023-ல் 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடியைவிட அவை குறுகிய காலத்தில் மேலானவையாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, அதனால் கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்லும் பழைய அறிவுரையே மேல். அந்தக் கண்ணாடிக்கு ஆகும் செலவில் மவுஸ் வாங்கிக் கொடுத்துவிடலாம். நின்றும் வேலை பார்க்க உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை நல்லதுதான், ஆனால் நாள் முழுக்க நின்றாலும் காலும் இடுப்பும் வலிக்கத்தான் செய்யும். மாறி மாறி இருப்பதில்தான் பலன், அதற்கும் நடுவில் சில நிமிடம் ஓய்வாக விட வேண்டும்.

பச்சைப் புள்ளி பற்றி எழுதாமல் விட்டால் சக ஊழியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அலுவலக அரட்டைச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் அந்தப் புள்ளி சில நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் “இருக்கீங்களா?” என்று ஒரு செய்தி வரும். அதனால் சாப்பாட்டுத் தட்டை மேசைக்கே கொண்டுவந்து, இடது கையால் மவுஸை நகர்த்திக்கொண்டே சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். தானாக அசையும் மவுஸ் கருவி என்று ஒன்று விற்கிறார்கள், அதை ஊழியர்கள் வாங்குகிறார்கள், அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நிறுவனங்கள் வாங்குகின்றன. இரண்டு பக்கமும் செலவு, நடுவில் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. முடிந்த வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள், புள்ளியைப் பார்க்காதீர்கள். இதில் நடுத்தர மேலாளர்களுக்கு ஒரு சிரமம் இருப்பது எனக்குத் தெரியும். முடிந்த வேலையை அளப்பது கஷ்டம், புள்ளியை எண்ணுவது சுலபம். அந்தக் கஷ்டத்துக்குத்தான் அவர்களுக்குக் கூடுதல் சம்பளம்.

வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகள் பற்றிச் சட்டங்களே வந்துவிட்டன. பிரான்சில் 2017 முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளர் தரப்போடு பேசி வழி காண வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கும் உரிமை ஊழியருக்கு உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தாலொழிய. போர்ச்சுகல் 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் வேறு வழியில் போனது. ஊழியருக்கு மறுக்கும் உரிமை கொடுப்பதோடு நிற்காமல், ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்று எழுதிவிட்டது, தவிர்க்கவே முடியாத அவசரம் மட்டும் விலக்கு. எனக்குப் போர்ச்சுகல் வழிதான் சரி என்று படுகிறது. மறுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தாலும், பதவி உயர்வைத் தீர்மானிப்பவரின் செய்தியை எத்தனை பேர் மறுப்பார்கள்? அனுப்பாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. ராத்திரியில்தான் யோசனை ஓடுகிறதா, எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் பொத்தான் பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில் இருக்கிறது. உண்மையான அவசரங்களுக்கு முறைவைத்து ஒருவர் விழித்திருக்கட்டும், அவருக்கு மறுநாள் ஈடு கொடுங்கள். இருபது பேரும் பாதித் தூக்கத்தில் இருப்பதைவிட ஒருவர் முழுசாக விழித்திருப்பது எல்லாருக்கும் நல்லது.

இது வெறும் எரிச்சல் சார்ந்த விஷயம் என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். நீண்ட வேலை நேரத்தால் 2016-ல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது அந்தக் கணக்கு. ஆபீசில் இருந்தால் 55 மணி நேரம் கண்ணுக்குத் தெரியும், காவலாளிக்கே தெரியும். வீட்டில் அது காலையில் அரை மணி, ராத்திரி ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை “சும்மா ஒரு பார்வை” என்று சில்லறையாகச் சேர்கிறது. வேலையோடு வீட்டுப் பொறுப்பையும் சுமப்பவர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, அந்தச் சில்லறை போவது தூக்கத்தில் இருந்துதான்.

காய்ச்சல் விஷயமும் இப்படித்தான். முன்பெல்லாம் உடம்பு சரியில்லை என்றால் லீவு. இப்போது “வீட்டில்தானே இருக்கிறேன், படுத்துக்கொண்டே பார்த்துவிடுகிறேன்” என்று நாங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டோம், நீங்களும் “ரொம்ப நன்றி, முக்கியமான மீட்டிங் மட்டும் வந்துவிட்டுப் போங்கள்” என்கிறீர்கள். வீட்டில் இருப்பது வேறு, ஓய்வில் இருப்பது வேறு. உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அவருடைய கணக்கு மூடப்பட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்தி அனுப்பினால், “போய்ப் படுங்கள்” என்று பதில் போடும் முதல் ஆள் மேலாளராக இருக்கட்டும்.

தனிமைக்கு என்னிடம் தயாரான மருந்து இல்லை. இணையவழி விளையாட்டுப் போட்டிகள் அதற்கு மருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். போர்ச்சுகல் சட்டத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் நேரில் சந்திக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல யோசனையாகப் படுகிறது. அந்தச் சந்திப்பில் ஸ்லைடு எதுவும் காட்டாமல் பேச விட்டால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது, மறுக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் மெயிலைத் திறக்காமல் கொஞ்சம் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வருவது, படுக்கையில் வைத்து வேலை பார்க்காமல் இருப்பது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுப்பது, சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் வைத்தால் வாய் திறந்து “முடியாது” என்று சொல்வது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

அதனால் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காலாண்டுக்கு மட்டும். மீட்டிங்குகள் 25, 50 நிமிடம். சாப்பாட்டு நேரம் எல்லாருடைய காலண்டரிலும் பூட்டப்பட்டிருக்கட்டும், நிர்வாக இயக்குநரே அழைத்தாலும் திறக்கக் கூடாது. கேமரா அவரவர் விருப்பம். கேட்பவர்களுக்குக் கீபோர்டும் மவுஸும். வேலை நேரம் முடிந்து அனுப்பும் செய்தி எல்லாம் காலையில் போய்ச் சேரட்டும். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் கழுத்து வலி, தூக்கம், கண் எரிச்சல் பற்றிப் பெயர் கேட்காமல் நான்கு கேள்வி கேளுங்கள், கூடவே அந்தக் குழு முடித்த வேலையையும் உங்கள் வழக்கமான அளவுகோலிலேயே அளந்துகொள்ளுங்கள். இரண்டு முடிவுகளையும், எந்தப் பக்கம் போயிருந்தாலும், எங்களுக்கும் காட்டுங்கள். எந்தக் குழு, எப்போது தொடங்கும் என்ற பதிலை எதிர்பார்க்கிறோம், அது வேலை நேரத்தில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர் ஒருவர்